எதிர்ப்புறத்தில் இருப்பவர்

ஓர் ஆப்ஷன் ஒப்பந்தம் தனியாகப் பிறப்பதில்லை. குறித்த விலையில் வாங்கும் அல்லது விற்கும் உரிமையை ஒருவர் வாங்க, இன்னொருவர் விற்க, அந்த நொடியில்தான் அது உண்டாகிறது. பங்கு அப்படியல்ல. நிறுவனம் வளர்ந்தால் பங்கு வைத்திருக்கும் எல்லோரும் ஏதோ ஓர் அளவில் பயன்பெற முடியும். ஆப்ஷனில் வாங்கியவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் விற்றவரின் கணக்கிலிருந்து வருகிறது. விற்றவருக்குக் கிடைப்பது வாங்கியவர் இழந்தது. இடையில் தரகும் சந்தைக் கட்டணமும் வரியும் கழிந்துபோவதால், இருவர் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது எப்போதும் இழப்புதான். ஆப்ஷன் வணிகம் கற்க வருபவர் முதலில் அறிய வேண்டியது இதையே என்பது என் உறுதியான எண்ணம். பயிற்சி வகுப்புகளில் இது முதல் பாடமாக இருப்பது அரிது.

இதனால் ஆப்ஷன் என்ற கருவியே தீயது என்று சொல்ல வரவில்லை. பத்து லட்ச ரூபாய்க்குப் பங்குகள் வைத்திருக்கும் ஒருவர், அடுத்த மாதம் சந்தை விழுமோ என்று அஞ்சி, ஒரு தொகையைப் பிரீமியமாகக் கொடுத்து, பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி விழுந்தால் மதிப்புக் கூடும் புட் ஆப்ஷனை வாங்குகிறார். சந்தை விழாவிட்டால் அந்தப் பிரீமியம் போகும். அவருடைய பங்குகள் பத்திரமாக இருக்கும். விழுந்தால் பங்கில் இழந்ததில் ஒரு பகுதியைப் புட் ஈடுகட்டும். விற்றவர் அந்த ஆபத்தைக் கூலி வாங்கிக்கொண்டு சுமக்கிறார். இங்கே இருவருக்குமே நியாயமான காரணம் இருக்கிறது. 1998இல் எல். சி. குப்தா குழு இந்தியாவில் டெரிவேட்டிவ் சந்தையைப் பரிந்துரைத்தபோது ஆபத்தைக் கைமாற்றும் இந்தத் தேவையைத்தான் முதன்மையாகக் கருதியது. 2000 ஜூனில் குறியீட்டு பியூச்சர்ஸ் வந்தது. 2001 ஜூனில் குறியீட்டு ஆப்ஷன், அதற்கடுத்த மாதமே தனிப்பங்கு ஆப்ஷன். அன்று இது விவரமறிந்த சிலரின் களமாக இருந்தது.

இன்று அப்படியில்லை. 2024 செப்டம்பரில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தை பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் வணிகம் செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களை ஆராய்ந்தது. அவர்களில் 93 விழுக்காட்டினர் பணம் இழந்திருந்தார்கள். இழந்தவரின் சராசரி இழப்பு, செலவுகளையும் சேர்த்து, சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். செலவு போக 1 லட்ச ரூபாய்க்கு மேல் சம்பாதித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். 2023-24இல் இந்தக் களத்தில் இருந்தவர்களில் 43 விழுக்காட்டினர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். முந்தைய ஆண்டில் அது 31 விழுக்காடாக இருந்தது. முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் குறைவு என்று அறிவித்தவர்கள். பெரும்பான்மையோர் நாட்டின் முதல் முப்பது நகரங்களுக்கு வெளியே வசிப்பவர்கள். 2024-25 குறித்த அடுத்த ஆய்விலும் 91 விழுக்காட்டினர் இழந்தார்கள். அந்த ஓராண்டின் நிகர இழப்பு 1,05,603 கோடி ரூபாய்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்களைச் சோம்பேறிகள் என்றோ பேராசைக்காரர்கள் என்றோ ஒதுக்குவது எளிது. அது உண்மையுமல்ல, அறமுமல்ல. அவர்களில் பலர் கற்றுக்கொள்ளத்தான் முயல்கிறார்கள். நாமெல்லாம் பயிற்சி மையங்களின் காலத்தில் வளர்ந்தவர்கள். கட்டணம் கட்டு, பாடத்தைப் படி, மாதிரித் தேர்வு எழுது, தோற்றால் மறுபடி எழுது, உழைத்தவன் ஒருநாள் கரையேறுவான் என்பது நம் நடுத்தர வர்க்கத்தின் ஆழ்ந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை பல வீடுகளில் விளக்கேற்றியிருக்கிறது. அதே நம்பிக்கையோடுதான் ஓர் இளைஞர் டீமேட் கணக்கு தொடங்கி, ஆப்ஷன் வகுப்புக்குப் பணம் கட்டி, இரவெல்லாம் குறிப்பெடுக்கிறார். அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். அந்த உழைப்பு எந்த மண்ணில் விதைக்கப்படுகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லாததுதான் என்னை வருத்துகிறது.

வகுப்புகள் கற்றுக்கொடுப்பது பொய்யல்ல. கால், புட், ஸ்ட்ரைக், எக்ஸ்பைரி. டெல்டா, காமா, தீட்டா, வேகா. ஸ்ட்ராடில், ஸ்ட்ராங்கிள், அயர்ன் காண்டார். இவையெல்லாம் உண்மையான அறிவு, அழகான அறிவும்கூட. ஓர் எடுத்துக்காட்டு. நிஃப்டி 25,000இல் நிற்கிறது. ஒருவர் 25,000 என்ற ஸ்ட்ரைக் விலையில் வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனை 150 ரூபாய் பிரீமியத்துக்கு வாங்குகிறார். ஒரு லாட்டுக்கு 75 என்று கொண்டால் அவர் கொடுப்பது 11,250 ரூபாய். ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 25,100இல் முடிகிறது. அவர் சொன்னபடியே சந்தை ஏறியிருக்கிறது. ஆனாலும் லாட்டுக்கு 3,750 ரூபாய் இழப்பு, ஏனெனில் அவருக்குப் போட்ட பணம் திரும்புவதே 25,150இல்தான். திசையைச் சரியாகச் சொன்னால் மட்டும் போதாது. எவ்வளவு தூரம், எத்தனை நாளுக்குள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதை இந்தச் சிறு கணக்கு உணர்த்திவிடுகிறது.

காலம் கரையும் விதம் இன்னும் நுட்பமானது. நடப்பு விலைக்கு நெருங்கிய ஸ்ட்ரைக்கில் ஆப்ஷனின் விலை ஏறக்குறைய மீதமிருக்கும் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி நகர்கிறது. மற்றவை மாறாதிருந்தால், நான்கு நாள் மீதமிருக்கையில் 200 ரூபாயாக இருக்கும் பிரீமியம் ஒரு நாள் மீதமிருக்கையில் 100 ரூபாயை ஒட்டி இருக்கும். முதல் மூன்று நாளில் பாதி, கடைசி ஒரே நாளில் மறுபாதி. அதேபோல, பட்ஜெட்டுக்கு முன் சந்தை எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்பு பிரீமியத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். பட்ஜெட் வாசித்து முடிந்ததும் அந்த எதிர்பார்ப்பு வடிந்துவிடும். குறியீடு ஏறிய பிறகும் கால் ஆப்ஷன் விலை இறங்குவதைக் கண்டு திகைப்பவர்கள் இதனால்தான் திகைக்கிறார்கள். இதை ஒருமுறை சரியாகக் கற்றவர் வாழ்நாளில் மறக்கமாட்டார்.

இந்த அறிவு கருவியாக மாறிய வரலாற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1973 ஏப்ரல் 26 அன்று சிகாகோவில் ஆப்ஷனுக்கென்றே ஒரு சந்தை திறக்கப்பட்டது. பதினாறு பங்குகள், கால் ஆப்ஷன் மட்டும், முதல் நாளில் 911 ஒப்பந்தங்கள். அதே ஆண்டில் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் ஆப்ஷனுக்கு விலை கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். பிளாக் கணினியில் கணக்கிட்ட விலைப் பட்டியல்களை அச்சடித்துச் சந்தாதாரர்களுக்கு விற்றார். வணிகர்கள் அந்தத் தாள்களோடு சந்தைக் களத்துக்குள் நின்றார்கள். சிறிது காலத்துக்குள் கையடக்கக் கணிப்பானிலேயே அந்தச் சூத்திரம் வந்துவிட்டது. ஆரம்பத்தில் தாள் வைத்திருந்தவருக்கு வைத்திராதவர்மீது ஒரு மேல்கை இருந்தது. எல்லோர் கையிலும் வந்தபோது அந்த மேல்கை போய்விட்டது. தாள் கையில் இல்லாதவர்தான் இப்போது பின்தங்கியவர்.

நம் காலத்தின் ஆப்ஷன் கருவிகளுக்கும் இதே விதிதான். ஆப்ஷன் செயின், ஓப்பன் இன்ட்ரஸ்ட் பட்டைகள், பேஆஃப் வரைபடம், பழைய விலைகளை வைத்து உத்தியைச் சோதித்துப் பார்க்கும் பேக்டெஸ்ட் மென்பொருள் எல்லாம் கைபேசியில் கிடைக்கின்றன, சில இலவசமாகவே. அவை நல்லவை. எவ்வளவு இழக்க நேரும் என்பதை வாங்கும் முன்பே காட்டுகின்றன. ஆனால் எல்லோரிடமும் இருக்கும் கருவி யாருக்கும் லாபத்துக்கான வழியாக முடியாது. அதிகபட்சமாக அது கண்மூடித்தனத்திலிருந்து காக்கும். கருவியைக் காக்கும் பொருளாக விற்பதற்கும் ஈட்டித்தரும் பொருளாக விற்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. விளம்பரங்கள் அந்தத் தூரத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகின்றன.

பேஆஃப் வரைபடத்தை உற்றுப் பாருங்கள். குறியீடு எங்கே போனால் நமக்கு எவ்வளவு என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டும். நம் பச்சை முழுவதும் இன்னொருவருக்குச் சிவப்பு. அந்த இன்னொருவரின் வரைபடம் திரையில் இல்லை. அவர் யார்? செபியின் ஆய்வு இதற்கும் பதில் சொல்கிறது. 2023-24இல் செலவுகளைக் கழிக்கும் முன்பு, தங்கள் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் தரகு நிறுவனங்கள் ஒட்டுமொத்தமாக ஈட்டியது சுமார் 33,000 கோடி ரூபாய். வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடி ரூபாய். அதே ஆண்டில் தனிநபர்களும் பிறரும் இழந்தது 61,000 கோடி ரூபாய்க்கும் மேல். வெளிநாட்டு நிறுவனங்களின் லாபத்தில் 97 விழுக்காடும் தரகு நிறுவனங்களின் லாபத்தில் 96 விழுக்காடும் அல்காரிதம் வழி வணிகத்திலிருந்து வந்தவை. வகுப்பு முடித்த இளைஞர் ஐந்து நிமிட சார்ட்டைப் பார்த்து பொத்தானை அழுத்தும்போது, எதிர்ப்புறத்தில் இருப்பது பெரும்பாலும் கணிதம் படித்த ஒரு குழு எழுதி வைத்த நிரல். அது சோர்வதில்லை, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற தவிப்பும் அதற்கு இல்லை. இந்த உண்மையை மறைத்துவிட்டு உத்தி கற்றுக்கொடுப்பது எதிரியின் பலத்தைச் சொல்லாமல் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் செயல்.

அனுபவம் கற்றுக்கொடுத்துவிடாதா என்று கேட்கலாம். எந்தத் தொழிலும் செய்து செய்துதானே வருகிறது? இங்கேதான் மையமான சிக்கல். உளவியலாளர் ராபின் ஹோகார்த் கற்றல் சூழல்களை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் நாம் செய்ததற்கு உடனடியாக, தெளிவாக, சரியான பதில் கிடைக்கும். மற்றொன்றில் பதில் தாமதமாக வரும், அல்லது தவறான பதிலாகவே வரும். வீணை கற்பவரின் விரல் பிசகினால் அபஸ்வரம் அந்தக் கணமே காதில் விழுகிறது. அந்த ஒலியே அவருக்கு ஆசிரியர். ஆப்ஷன் சந்தை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தவறான செயலுக்கு அது மாதக்கணக்கில் பரிசளிக்கும். சரியான செயலுக்குத் தண்டனையும் தரும்.

ஆப்ஷன் விற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். குறியீட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி, இரு பக்கமும் வாரந்தோறும் ஆப்ஷன் விற்கிறார். பத்தொன்பது வாரம், வாரத்துக்கு 5,000 ரூபாய் வீதம், 95,000 ரூபாய் சேர்கிறது. இருபதாவது வாரம் ஒரே அடியில் 1,20,000 ரூபாய் போகிறது. பதினைந்தாவது வாரத்தில் அவரைக் கேட்டால் தனக்குத் தொழில் கைவந்துவிட்டது என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்குப் புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. இருபதாவது வாரம் வரும் நாளை யாராலும் குறிக்க முடியாது, ஆனால் அது வரும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 விழுக்காடு விழுந்தது. 2024 ஜூன் 3 அன்று தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறிய நிஃப்டி, மறுநாள் வாக்கு எண்ணிக்கையின்போது சுமார் 6 விழுக்காடு சரிந்தது. அந்த இரண்டு நாளில் இரு திசையிலும் அடி விழுந்தது.

நீண்டகால அனுபவமும் ஆசிரியர் தகுதியும்கூட இதிலிருந்து காப்பதில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் கார்டியர் என்பவர் ஆப்ஷன் விற்பதற்கான முழுமையான வழிகாட்டி என்ற பெயரிலேயே நூல் எழுதியவர். வாடிக்கையாளர்களின் பணத்தை நிர்வகித்து வந்தவர். 2018 நவம்பரில் இயற்கை எரிவாயு விலை ஒரே நாளில் சுமார் 18 விழுக்காடு எகிறியபோது, அவர் விற்றிருந்த கால் ஆப்ஷன்கள் வாடிக்கையாளர் கணக்குகளைத் துடைத்தெடுத்தன. போட்ட பணத்துக்கு மேலும் தரகருக்குக் கடன்பட்டு நின்றார்கள் பலர். அவர் காணொளியில் தோன்றிக் கலங்கிய குரலில் மன்னிப்புக் கேட்டார். அவர் பாடம் தெரியாதவர் அல்லர், பாடநூலையே எழுதியவர்.

ஆப்ஷன் வாங்குபவரின் நிலை இதன் தலைகீழ் வடிவம். எக்ஸ்பைரி நாளன்று பிற்பகலில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் கிடைக்கும் ஆப்ஷன்களை வாங்கி, சிலமணி நேரத்தில் பல மடங்காகும் என்று காத்திருக்கும் பழக்கத்துக்கு ‘ஜீரோ டு ஹீரோ’ என்றே நம் இளைஞர்களிடையே பெயர். பெரும்பாலான வாரங்களில் அது பூஜ்யமாகிறது. எப்போதாவது ஒரு வாரம் பல மடங்காகிறது. அந்த ஒரு வாரம் மனதில் பதியும் ஆழத்துக்கு மற்ற வாரங்கள் பதிவதில்லை. அந்த ஒன்றின் திரைப்பிடிப்புதான் நண்பர்களிடையே சுற்றும். சந்தை எதையும் கற்றுத்தரவில்லை, ஆனால் கற்றுக்கொண்டுவிட்டோம் என்ற உணர்வைத் தந்துவிடுகிறது.

பிரேசிலில் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர், அந்நாட்டுக் குறியீட்டு பியூச்சர்ஸ் சந்தையில் 2013 முதல் 2015 வரை தினவணிகம் தொடங்கிய தனிநபர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முந்நூறு நாளுக்கு மேல் விடாமல் வணிகம் செய்தவர்களில் 97 விழுக்காட்டினர் இழந்தார்கள். அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேல் ஈட்டியவர்கள் 1.1 விழுக்காட்டினர் மட்டுமே. நாட்கள் கூடக்கூட அவர்கள் தேர்ச்சி பெற்றதற்கான சான்று எதுவும் கிட்டவில்லை. அது பியூச்சர்ஸ், நாம் பேசுவது ஆப்ஷன்ஸ். ஆனாலும் விடாமுயற்சி ஒன்றே கரைசேர்க்கும் என்ற நம் நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. செபியின் ஆய்வில், தொடர்ந்து இழந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல் வணிகத்தை விடவில்லை என்பதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்படியானால் கற்பதற்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. ஆனால் அது விற்கப்படும் பாடமல்ல. 2025 ஜனவரியில் செபி ஒரு விதியைத் தெளிவுபடுத்தியது: முதலீட்டுக் கல்வி மட்டும் வழங்குவோர் தங்கள் பாடத்தில் கடந்த மூன்று மாதத்தின் சந்தை விலைகளைப் பயன்படுத்தக் கூடாது. பார்வைக்குச் சிறிய நிர்வாக விதி. எனக்கு அது கல்வி பற்றிய ஆழமான சோதனையாகத் தோன்றுகிறது. இன்றைய விலையை எடுத்துவிட்டால் எந்த வகுப்பு நிற்கும், எது சரியும்? காலம் எப்படிக் கரைகிறது, பிரீமியத்துக்குள் எதிர்பார்ப்பு எப்படி ஏறுகிறது, ஒரே நாளின் வீழ்ச்சி எத்தனை வாரச் சேமிப்பை விழுங்கும் என்பவற்றைப் பத்தாண்டுப் பழைய விலைகளை வைத்தும் கற்பிக்கலாம். பழைய விலையில் கற்பிக்க முடியாதது, நாளைக்கு எதை வாங்குவது என்பது மட்டுமே. அது பாடமே அல்ல, துப்பு.

காகிதத்தில் வணிகம் செய்து பழகுவதையும் நான் மதிக்கிறேன். பணமில்லாமல் பழகினால் பயம் வராது, பயமில்லாத பழக்கம் பயனற்றது என்பார்கள். பாதி உண்மை. பயத்தைத் தாங்கும் விதத்தை அது கற்றுத்தராதுதான். ஆனால் ஓராண்டு நேர்மையாக எழுதிவைத்த கணக்கு, ஒவ்வொரு வாங்கலுக்கும் விற்றலுக்கும் காரணத்தையும் தரகையும் வரியையும் சேர்த்து எழுதிய கணக்கு, தான் அந்த நூற்றில் ஒருவரா என்பதை ஒரு மனிதருக்கு மலிவாகச் சொல்லிவிடும். 2023-24இல் ஒரு தனிநபர் சராசரியாகப் பரிவர்த்தனைக் கட்டணங்களுக்கே 26,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கும் வீட்டில் அது ஒரு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. எழுதிப் பார்க்காதவரின் கண்ணில் அந்தத் தொகை படுவதேயில்லை, ஏனெனில் அது துளித்துளியாகப் போகிறது.

2023 ஜூலை முதல் ஒவ்வொரு தரகரின் செயலியிலும் நுழைந்ததும் ஓர் எச்சரிக்கை வருகிறது: பத்தில் ஒன்பது தனிநபர்கள் இழந்தார்கள் என்று. அதைத் தள்ளிவிட்டு உள்ளே போகிறவர்கள் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். பத்தாவது ஆள் நான் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் வகுப்புகள் அவர்களுக்கு விற்கின்றன. எச்சரிக்கையால் அந்த நம்பிக்கையை அசைக்க முடியாது, கல்வியால் முடியும். அதற்குக் கல்வி தன் வெற்றியை வேறுவிதமாக அளக்க வேண்டும். ஒருவர் மூன்று மாதம் படித்து, கணக்குப் போட்டு, எதிர்ப்புறத்தில் இருப்பவரைப் புரிந்துகொண்டு, இது எனக்கானதல்ல என்று எழுந்து போனால், அந்த ஆசிரியர் தோற்கவில்லை. தன் பங்குகளைக் காக்க ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் புட் வாங்கத் தெரிந்துகொண்டு இன்னொருவர் போனால், அதுவும் முழுமையான தேர்ச்சி. தொடர்ந்து வணிகம் செய்ய முடிவெடுப்பவர், இந்த ஆப்ஷனை எனக்கு எதிராக வாங்கவோ விற்கவோ முன்வருபவர் எதை அறிந்திருக்கிறார், எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்க என்ன காரணம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும். பதில் இல்லாத நாளில் பொத்தானைத் தொடாமலிருப்பதே அவர் கற்றதற்கு அடையாளம். இந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்கத் துணியும் ஆசிரியரிடம் பிள்ளைகளை அனுப்பலாம். அதைக் கேட்காத வகுப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இலவசமாகவே கிடைத்தாலும், அதற்கான விலையை மாணவர் பின்னால் சந்தையில் கட்டுகிறார்.